அரைச் சென்ரிமீற்றர்

லொறியிலிருந்து இறக்கிய புது மெசின் பெட்டியைப் பார்த்ததும் சேர், “பிள்ளை, இவங்கள் சாமானை மாத்தி அனுப்பிப்போட்டாங்கள்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் பழைய மெசின் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் அளவு. அதை எங்கள் நில அளவைக் கந்தோருக்குள் கொண்டுவர முன்கதவின் நிலையைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்தப் பெட்டியோ ஒரு பக்கமாகச் சரித்ததும் தானாகவே உள்ளே வந்துவிட்டது. ஒட்டியிருந்த துண்டை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் பெயர், எங்கள் விலாசம், நாங்கள் கேட்ட இலக்கம். எல்லாம் சரி. பெட்டி மட்டும் பிழை.

பெட்டியில் பிழை இல்லை. புதுசு அவ்வளவுதான் பருமன்.

சேர் ஒரு தனியார் நில அளவையாளர். கிளிநொச்சியில் இருந்துகொண்டு சுற்றுவட்டக் காணிகளை அளக்கிறவர். அவர் வெயிலில் நின்று அளந்து கொண்டுவரும் கணக்கை நான் கணினியில் வரைவேன். வரைந்ததைப் பெரிய தாளில் அச்சடிப்பதுதான் மெசினின் வேலை. கொழும்பில் அதற்கு ஒரு பெயரும் யாழ்ப்பாணத்தில் இன்னொரு பெயரும் சொல்வார்கள். எங்களுக்கு அது மெசின். வேறு மெசின் கந்தோரில் இல்லாததால் குழப்பம் இல்லை. காணிப் பிளான் கேட்டு வருகிறவர்கள் அதன் முன்னால் மர வாங்கில் உட்கார்ந்து, தங்கள் காணி தாளில் ஊர்ந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி ஒரு வருடமாகப் பழையது கறுப்புக் கோட்டை விட்டுவிட்டு அடித்தது. எல்லைக்கோடு எறும்பு வரிசைபோல வரும். வவுனியாவிலிருந்து திருத்துகிறவரைக் கூப்பிட்டோம். அவர் மூடியைத் திறந்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மிஸ், இதுக்கு இனிச் சாமான் வராது. கொம்பனியே மறந்துபோச்சு” என்றார். அதன் பிறகுதான் சேர் புதுசுக்கு ஓம் என்றார்.

புதுசைப் பூட்டவும் அந்த வவுனியாக்காரரே வந்தார். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. போகிறபோது, “எல்லாத்தையும் அதுவே பாத்துக்கொள்ளும், மிஸ். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் குழப்பியது. பழைய மெசினில் செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. தாளை நேராகப் பிடிப்பது, இடப்பக்க மூடியில் ஒரு தட்டுத் தட்டுவது, சத்தம் மாறினால் நிறுத்துவது. ஒன்றும் செய்யத் தேவையில்லாத ஒரு பொருளுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு கிழமை நான் அதோடு பட்டபாடு சொல்லி முடியாது. அதில் அமத்துவதற்கு ஒரு கட்டைகூட இல்லை. கண்ணாடித் திரையில் படங்கள். ஒரு துளி, துளிக்குக் குறுக்கே ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூடு. மை முடிந்ததா, மை இருக்கிறதா, மையை ஆறவிடச் சொல்கிறதா? தொட்டால் அந்தப் படம் போய் இன்னொரு படம் வரும். நான் அடிக்கக் கொடுக்காத நேரத்தில் தானாக எழும்பி, உள்ளே எதையோ இழுத்து, துடைத்து, பெருமூச்சு விட்டு அடங்கும். காணி உறுதிக் கட்டுகளோடு வந்திருந்த ஒரு வயதானவர் ஒருநாள் வாங்கிலிருந்து திடுக்கிட்டு எழும்பிவிட்டார்.

“என்ன செய்யுது பிள்ளை?” என்று சேர் உள்ளேயிருந்து கேட்பார்.

“தெரியேல்லை சேர்.”

“நிப்பாட்டன்.”

“எப்பிடி எண்டு தெரியேல்லை.”

அவரும் வந்து பக்கத்தில் நிற்பார். அறுபத்தைந்து வயதிலும் காட்டுக்குள் பற்றை வெட்டிக்கொண்டு போய் எல்லைக்கல்லைத் தேடி எடுக்கிற மனிசன், அந்தத் திரைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

ஆனால் அது அடித்த தாளைக் குறைசொல்ல முடியாது. கோடு முடிபோல, எழுத்து கல்லில் வெட்டியதுபோல. ஆகவே கண்டாவளைப் பக்கமிருந்து அந்தப் பெண் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். நெல்லு விதைக்கிற குடும்பம். தாய் தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியை அவளுக்கும் தமையனுக்கும் பாதி பாதியாகப் பிரித்துச் சில வருடங்களுக்கு முன் நாங்கள்தான் பிளான் கீறிக் கொடுத்திருந்தோம். றோட்டுப் பக்கம் தங்கைக்கு, பின்பக்கம் தமையனுக்கு. ஆளுக்கு ஒரு பிரதி. அவளுடைய பிரதி மாரி வெள்ளத்தில் ஊறிப்போயிற்று. காணியின் நடுவே நாட்டிய இரண்டு எல்லைக்கற்களும் அதே வெள்ளத்திலோ உழவு இயந்திரம் இடறியோ காணாமல் போயின. பிறகு தமையன் தன்னிடமிருந்த பிளானை வைத்து அளந்து நடுவேலியை அடைத்திருக்கிறார்.

“அண்ணை வேலியை என்ரை பக்கம் தள்ளிப் போட்டிட்டார் அக்கா” என்றாள் அவள். “பாக்கவே விளங்குது. கேட்டால் பிளானிலை உள்ளபடிதான் எண்டு சொல்லுறார். பிளானைக் காட்டெண்டால் காட்டுறாரில்லை. ஆறு மாசமாக் கதை பேச்சில்லை. எனக்குப் புதிசா ஒண்டு அடிச்சுத் தாங்கோ. ஆரின்ரை பக்கம் ஞாயம் எண்டு பாப்பம்.”

கணினியில் அந்தப் படம் அப்படியே இருந்தது. அடித்துக் கொடுத்தேன். சேர் கையெழுத்துப் போட்டார். அவள் அதைச் சுருட்டி, மழைக்கு ஒரு பொலித்தீன் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கந்தோர் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவரை எனக்குத் தெரியாது. பின்னால் இருந்தவள் அவள். இருவருக்கும் நடுவில் ஒரு மண்வெட்டிப் பிடி வைக்கிற அளவு இடைவெளி. ஆளுக்கு ஒரு பிளான் கையில். உள்ளே வந்து வாங்கின் இரண்டு அந்தத்திலும் இருந்தார்கள்.

“இவர்தான் அண்ணை” என்றாள் அவள் என்னைப் பார்த்து.

“பஸ்ஸைத் தவறவிட்டிட்டா. அதுதான் ஏத்திக்கொண்டு வந்தனான்” என்றார் அவர், அவரும் என்னைப் பார்த்து.

நடந்தது இதுதான். புதுப் பிளானில் றோட்டிலிருந்து நடு எல்லை வரை நூறு மீற்றர் என்று எழுதியிருந்தது. அவள் அயலில் ஒரு நாடா வாங்கி அளந்திருக்கிறாள். றோட்டிலிருந்து வேலிவரை நூற்றொரு மீற்றருக்கும் மேல் வந்திருக்கிறது. திரும்ப அளந்திருக்கிறாள். திரும்பவும் அதுதான். தமையன் திருடவில்லை. தன் பக்கத்து நிலத்தில் கிட்டத்தட்ட நாலடியை அவளுக்கு விட்டிருக்கிறார். அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் போய் வேலிக்கு மேலால் சொன்னபோது அவருக்கும் விளங்கவில்லை. ஆறு மாதத்தில் முதல்தரமாகத் தன் பிளானைக் கொண்டுவந்து அவளுடையதன் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் பொருந்தவில்லை.

“ரெண்டும் இஞ்சை அடிச்சதுதானே?” என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. “ரெண்டிலையும் சேரின்ரை கையெழுத்து இருக்கு. அப்ப எது பொய்?”

“நீங்கள் எப்பிடி அண்ணை அளந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் தன் பிளானை விரித்தார். நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்திருக்கிறார். நூறு மீற்றர் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடம் சரியாக மடிப்பில் விழுந்து, தாள் வெள்ளையாக உரிந்திருந்தது. எழுத்து இல்லாததால், மகளின் அடிமட்டத்தைக் கோட்டின் மேல் வைத்து அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்து மீற்றர் என்று பெருக்கியிருக்கிறார். “இருபதும், மேலை ரெண்டரைக் கோடும் வந்தது. அந்த ரெண்டரைக் கோட்டையும் விட எனக்கு மனம் வரேல்லை. அவவின்ரை பங்கெல்லோ. பிறகு கள்ளன் எண்டு வேறை சொல்லிப்போட்டா. சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்திட்டுது, நான் எங்கையும் பிழையா அளந்தனானோ எண்டு. அதுதான் பிளானைக் காட்டேல்லை.”

நான் இரண்டு பிளானையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்தேன். வெயில் பின்னாலிருந்து அடித்தது. அகலம் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு பங்கும் சேர்ந்த முழு நீளத்தில் கீழ் மூலையைப் பொருத்தினால் மேல் மூலை விலகியது. பழைய பிளான் அரைச் சென்ரிமீற்றர் கூடுதல் நீளம். மேல் மூலையைப் பொருத்தினேன். கீழ் மூலை விலகியது. ஏதோ நான் மாற்றிப் பிடித்தால் சரிவரும் என்பதுபோல நாலைந்து தரம் மாற்றிப் பிடித்தேன்.

புது மெசின் பிழைவிட்டுவிட்டது என்பதுதான் என் முதல் எண்ணம். சொல்லப்போனால் ஒரு சந்தோசம்கூட வந்தது. இரண்டு கிழமையாக என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்த பொருள் பிடிபட்டுவிட்டது. வவுனியாக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“மிஸ், ஒரு அரை மீற்றர் கோடு கீறி அடிச்சுப் பாருங்கோ. இரும்பு ரேப்பாலை அளவுங்கோ” என்றார்.

அடித்தேன். சேரின் இரும்பு நாடாவால் அளந்தேன். அரை மீற்றர் என்றால் அரை மீற்றர். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பழையது பின் விறாந்தையில் ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. தமையனும் நானுமாக அதைச் சுவரோரம் தள்ளி மின்சாரம் கொடுத்தோம். வழக்கமான முனகல். அதே கோட்டை அடித்தேன். கறுப்பு எறும்பு வரிசையாக வந்தது. அளந்தேன். அரை மீற்றருக்கு மேல் ஆறு மில்லிமீற்றர்.

சேர் நாடாவை என் கையிலிருந்து வாங்கித் தான் அளந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்ப அளந்தார்.

அவர்கள் இருவரையும் தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டு, நான் அலுமாரிக்கு மேலிருந்த குழாய்களை இறக்கினேன். நாங்கள் அடித்த பிளான்களின் கந்தோர்ப் பிரதிகள் வருட வாரியாக அவற்றுக்குள் சுருண்டிருந்தன. ஒவ்வொன்றாக விரித்து, எழுதியிருந்த நீளத்தையும் தாளில் இருந்த நீளத்தையும் ஒப்பிட்டேன். ஆரம்ப வருடங்களில் எல்லாம் சரி. பிறகு ஓர் இடத்தில், ஒரு பிளானுக்கும் அடுத்ததற்கும் நடுவில், தாள் நீண்டுவிட்டது. அதன் பிறகு எல்லாமே நீளம். அந்த இடத்தில் தாளும் மாறியிருந்தது. முன்னையது மெல்லியது, பின்னையது தடிப்பு.

தடிப்புத் தாள் வந்த நாள் எனக்கு நினைவு வந்தது. வந்தது என்றுதான் நினைக்கிறேன். வழமையான றோல் கிடைக்காமல் வேறொரு றோல் வாங்கினோம். அதைப் போட்டதும் மெசின் ஒரு கோடு அடித்து, அது எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்லச் சொல்லிக் கேட்டது. இருபத்தைந்து சென்ரிமீற்றர் வர வேண்டிய கோடு. சேர் இரும்பு நாடாவோடு வெளியே போயிருந்தார். மேசை லாச்சிக்குள் கிடந்த பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். கொஞ்சம் குறைய வந்தது. அதை அப்படியே அமத்தினேன். மெசினும் ‘குறையத்தான் அடிக்கிறேன் போலிருக்கிறது’ என்று நம்பி, அன்றிலிருந்து எல்லாவற்றையும் கொஞ்சம் நீட்டி அடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

லாச்சியைத் திறந்து அந்த அடிமட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் பூச்சியம் விளிம்பில் இல்லை. விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீற்றர் உள்ளே தள்ளியிருந்தது. நான் விளிம்பை வைத்து அளந்திருந்தால் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் நான் விளிம்பை வைத்துத்தான் அளந்தேனா? பள்ளிக்கூடத்திலேயே பூச்சியத்தில் வை என்று அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பதினைந்து வருடம் நில அளவைக் கந்தோரில் இருக்கிறவள் விளிம்பை வைப்பாளா? அந்த நாளை எவ்வளவு கிளறினாலும் மெசின் கேட்டது தெரிகிறது, அடிமட்டத்தை எடுத்தது தெரிகிறது. அது தாளில் எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

சேரிடம் போய்ச் சொன்னேன்.

“தாள் வெக்கைக்கு நீளும் பிள்ளை. குளிருக்குச் சுருங்கும். அதுதான் எழுத்திலை போடுறம். எழுத்து சரி. எங்களிலை பிழையில்லை.”

“வெக்கைக்கு எண்டால் அகலமும் நீள வேணும் சேர். இது நீளம் மட்டும்தான் கூடியிருக்கு.”

“அதை அவையளுக்குச் சொல்லத்தான் வேணுமே?”

“அந்த மனிசன் ஆறு மாசமாக் கள்ளன் எண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார், சேர்.”

அவர் எழும்பி யன்னலுக்குப் போனார். வெளியே தேத்தண்ணிக்கடையில் அவர்கள் இருவரும் ஒரே மேசையில், ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். “கூப்பிடு” என்றார்.

நான்தான் சொன்னேன். மெசின் நீட்டி அடித்தது என்றும், அதற்கு நான்தான் பிழையான அளவைக் கொடுத்திருக்கிறேன்போல என்றும் சொன்னேன். தமையன் விளங்காமல் என்னைப் பார்த்தார். விளங்கியபோது தன் பிளானை எடுத்து, உரிந்துபோன மடிப்பைப் பெருவிரலால் தடவினார். தங்கை வேறு எதையும் கேட்கவில்லை. “அப்ப இவ்வளவு நாளும் நான் அண்ணையைப் பேசினது?” என்றாள். அதை யாரிடம் கேட்கிறாள் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சேர் காசு வாங்காமல் போய்த் திரும்ப அளந்தார். நானும் போனேன். அது என் வேலையில்லை, ஆனாலும் போனேன். நாலு மூலைக் கற்களும் அசையாமல் இருந்தன. அவற்றிலிருந்து நடு எல்லையைப் பிடித்து இரண்டு புதுக் கற்களை நாட்டினோம். வேலியிலிருந்து நாலடி உள்ளே, தங்கை பக்கம். அந்த நாலடிக்குள் அவள் வேலியோரமாக வைத்த தேசிக்கன்றுகள் ஆறு நின்றன. முழங்கால் உயரம், நல்ல செழிப்பு. கல்லை நாட்டியதும் அவை தமையனின் காணிக்குள் போய்விட்டன.

“கன்று நிக்கட்டும்” என்றார் தமையன். “வேலியும் நிக்கட்டும். நான் எப்பவோ விட்ட நிலம்.”

“எனக்கு ஒருத்தற்றையும் நாலடி வேண்டாம்” என்றாள் தங்கை. “வேலியைக் கழட்டி நேரா அடையுங்கோ.”

“வேண்டாமெண்டுறன்.”

“நீங்கள் அடைக்காட்டி நான் ஆளைப் பிடிச்சு அடைப்பன்.”

“அடை பாப்பம்.”

அவர்கள் திரும்பவும் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சேர் நாடாவைச் சுற்றிக்கொண்டு, “வா பிள்ளை, நாங்கள் போவம்” என்றார். வழியெல்லாம் நான் அந்தச் சண்டையை நினைத்துக்கொண்டு வந்தேன். முதலாவது சண்டைக்குக் காரணம் என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை. தள்ளிப் போடாத வேலியைத் தள்ளிப் போட்டதாக அவள் கண் சொன்னது. அவளுடைய கண்ணை எந்த மெசின் பிழையாக்கியது? இரண்டாவது சண்டையோ, என் கையால் வந்த நாலடிக்கு. அது கெட்ட சண்டையா நல்ல சண்டையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒருதரம் அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். கல் ஓர் இடத்தில், வேலி இன்னோர் இடத்தில், அறுவடை முடிய மாற்றுவோம் என்று இருவரும் சொல்கிறார்களாம். கதை பேச்சு இருக்கிறது.

கந்தோரில் மிச்சம் இருந்தது மற்றப் பிளான்கள். அந்தத் தடிப்புத் தாளில் எத்தனை பேருக்கு அடித்தோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். ‘நீளங்களை எழுத்தில் உள்ளபடி மட்டும் கொள்ளவும், தாளில் அளக்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் பழைய பிளானைக் கொண்டுவந்து இலவசமாக மாற்றிக்கொள்ளவும்’ என்று சேர் ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னார். எழுதி வாசலில் ஒட்டினேன். யாரோ அதைப் படம் பிடித்துப் போனில் போட்டுவிட்டார்கள். அன்று தொட்டு அழைப்புகள். காணி குறைந்துவிட்டதா என்று கேட்டவர்கள், கூடிவிட்டதா என்று கேட்டவர்கள், எங்களிடம் பிளான் எடுக்காமலே கேட்டவர்கள்.

தண்ணீரூற்று ஊரிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். குரலில் வயது தெரிந்தது.

“தங்கச்சி, என்ரை காணி குறைஞ்சுபோச்சோ?”

“இல்லை ஐயா. காணி அப்பிடியே இருக்கு. தாள்தான் நீண்டது.”

அவர் அதைப் பக்கத்தில் யாருக்கோ திருப்பிச் சொல்வது கேட்டது.

“அப்ப தாளை என்னத்துக்கு நீட்டினனீங்கள்?”

புது மெசின் தானாக எழும்பி, எதையோ துடைத்து அடங்கியது.

“எனக்கே சரியாத் தெரியேல்லை ஐயா” என்றேன். “பழசைக் கொண்டு வாங்கோ. புதிசா ஒண்டு அடிச்சுத் தாறன்.”

“எப்ப வர?”

“நாளைக்கு வாங்கோ.”

அவர் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.